மூன்றாவது ஓட்டை

அந்தக் கலைமானை ஓடைக்கரையில் கண்டவன் நான். செத்துக் கிடக்கும் என்று நினைத்துத்தான் தேடிப் போனோம். அது நின்றுகொண்டிருந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருந்தது, குடிக்க முடியவில்லை. கீழ்த்தாடை உடைந்து தொங்கிற்று. விலா எலும்பெல்லாம் வெளியே தெரியும்படி உடம்பு வற்றிவிட்டது. விலிம் அதைச் சுட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்த குண்டு தாடையில் போய் விழுந்திருக்கிறது.

வேட்டைக் காவலன் ஸ்ரேச்கோ தன் துப்பாக்கியால் அதை முடித்துவைத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்த மிருகத்தின் வாயில், சுட்டவன் ஊசியிலை மரமான ஃபிர்ரின் கொத்து ஒன்றை ஒடித்து வைக்க வேண்டும். அதன் கடைசிக் கவளம் அது. விலிம் கொத்தை ஒடித்துக்கொண்டு வந்து குனிந்தான். வைப்பதற்கு வாய் இல்லை. கொத்தைப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தான். கடைசியில் ஸ்ரேச்கோதான் அதை வாங்கி மானின் கழுத்தின் மேல் வைத்தான்.

"விலிம் அண்ணே, வேட்டைச் சங்கத்து விதி உங்களுக்குத் தெரியும்," என்றான்.

"எனக்கு நீ விதி சொல்றியா? நான் சங்கத்துல சேந்தப்ப நீ தொட்டில்ல மூத்திரம் போய்க்கிட்டு இருந்த."

"அதான் தெரியும்னு சொன்னேன். கூட்டு வேட்டை ஆரம்பிக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, குவாரியில. மூணு குண்டு. வட்டம் காப்பித் தட்டு அளவு. மூணும் உள்ள விழணும். அதுவரைக்கும் காட்டுக்குள்ள துப்பாக்கி வேண்டாம்."

விலிம் எழுந்தான். மானைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"மார்யான், இன்னொரு மிருகம் இப்படி நிக்கக் கூடாது. இந்தத் துப்பாக்கி நேராச் சுடலேன்னா இதை நான் தூக்கவே மாட்டேன்."

விலிமும் நானும் ஒரே கும்பலில் மரம் வெட்டுகிறவர்கள். அவனுக்கு வேட்டை உரிமம் உண்டு, எனக்கு இல்லை. கூட்டு வேட்டையில் நான் விரட்டுக்காரன். கம்பால் மரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டு காட்டுக்குள் நடப்பேன். மிருகம் எனக்கு முன்னால் ஓடி, மேட்டில் நிற்கிற துப்பாக்கிக்காரர்களிடம் போகும். எழுந்தது முதல் இருட்டுகிற வரை விலிமின் வாழ்க்கை மோட்டார் ரம்பமும் மரமும் மாட்டுக்கொட்டகையும்தான். மேட்டில் துப்பாக்கியோடு நிற்கிற அந்தச் சில சனிக்கிழமைகளில் மட்டும் யாரும் அவனை ஏவ முடியாது. அதைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மாலை அவன் சமையலறை மேசையில் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டோம். பழைய போல்ட் துப்பாக்கி. பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் ஒரு தோட்டா ஏறும். விசை இரண்டு. பின்விசையை இழுத்துத் தயார் செய்துவிட்டால், முன்விசை மூச்சுப் பட்டாலே விட்டுவிடும் அளவுக்கு இலேசாகிவிடும்.

"ஸ்கோப் ஆடுது," என்றான் விலிம். "நிச்சயம் அதான். போன மாசம் டிராக்டர்ல குலுங்கிச்சு."

குறிபார்க்கும் குழாயான அந்த ஸ்கோப்பைப் பிடித்திருந்த வளையங்களைப் பார்த்தோம். முன்வளையத்தில் ஒரு ஸ்க்ரூ கால் சுற்று தளர்ந்திருந்தது. விலிமின் முகம் மலர்ந்தது. "பாத்தியா! பாத்தியா!" என்றான். எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய் துடைத்து, திரும்ப முடுக்கத் தொடங்கினோம். அந்தச் சின்ன ஸ்க்ரூ அவன் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். என் விரலிலிருந்தும் நழுவியது.

அடுப்பில் முட்டைக்கோசு கிளறிக்கொண்டிருந்த நெவென்கா, விலிமின் மனைவி, கரண்டியைப் போட்டுவிட்டு வந்து மேசைக்கடியில் குனிந்தாள்.

"ரெண்டு தடியனுங்க. ஒரு ஸ்க்ரூவைப் பிடிக்க வக்கில்ல. இந்தா."

அவளே அதைத் துளையில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள். நாங்கள் முடுக்கினோம்.

சனிக்கிழமை குவாரிக்குப் போனோம். கல் உடைப்பது நின்று வெகு காலமாகிவிட்டது. நூறு தப்படிக்கு அப்பால் சுண்ணாம்புச் சுவர் ஒன்று நிற்கும், குண்டைத் தாங்க நல்ல இடம். அட்டைப் பலகையில் வட்டம் வரைந்த தாளைக் குத்தினேன். மர மேசை மேல் மணல் மூட்டை வைத்து, அதன் மேல் துப்பாக்கியைச் சாத்தி, விலிம் உட்கார்ந்தான். சுட்டான். மூன்று முறை. போய்ப் பார்த்தோம். ஒன்று வட்டத்துக்கு மேலே வலப்பக்கம். ஒன்று கீழே. ஒன்று தாளின் ஓரத்தில்.

விலிம் ஓட்டைகளை மாறி மாறிப் பார்த்தான்.

"எல்லாம் ஒரே பக்கமாப் போனா ஸ்கோப்பைத் திருகித் திருத்திடலாம். இப்படிச் சிதறினா எதைடா திருத்தறது?"

"தோட்டாவா இருக்கும்," என்றேன். "பழசும் புதுசும் கலந்து வச்சிருக்க."

"ஆமா. ஆமா, அதான்."

ஒரே பெட்டியிலிருந்து தோட்டாக்களைப் பொறுக்கினோம். அவையும் சிதறின. அடுத்து, குழலுக்குள் செம்பு படிந்திருக்கும் என்றான். மருந்து ஊற்றித் துணியைக் கம்பியில் சுற்றி இழுத்தோம். துணி நீலமாக வந்தது, கரைந்த செம்பின் நிறம். இன்னும் இழுத்தோம், இன்னும் நீலம். அம்மோனியா நெடி வீடு பூராவும் நிறைந்து நெவென்கா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"சாப்பாட்டு மேசையா, மாட்டுக்கொட்டகையா இது? அந்தக் கருமத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வெளிய போங்க."

"இன்னும் கொஞ்சம்தான், நெவென்கா. நீலம் நின்னுடும்."

"உனக்கும் அவனுக்கும் மூளை நின்னு ரொம்ப நாளாச்சு."

நீலம் நின்றது. குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னியது. குவாரியில் அது பழையபடியே சுட்டது. முதல் குண்டு மட்டும் வட்டத்துக்குள் போனது. அந்த ஒன்று போதுமாயிருந்தது, விலிம் இன்னொரு வாரம் நம்பிக்கையோடு இருந்தான்.

துப்பாக்கி ரிப்பேர்க்காரன் ஒருவன் ரியேக்கா நகரத்தில் இருக்கிறான். போன் செய்தோம். சீசனுக்கு முன்னால் அவன் கடையில் எல்லோருடைய துப்பாக்கியும் அடுக்கிக் கிடக்கும். டிசம்பரில் கொண்டு வாங்க என்றான். டிசம்பரில் கூட்டு வேட்டை பாதி முடிந்துவிடும்.

அதன் பிறகு குழலைத் தாங்கும் மரக்கட்டையைப் பார்த்தோம். இதை யோசித்தவன் நான். அந்த இலையுதிர்காலம் முழுக்க மழை. வால்நட் கட்டை ஈரம் குடித்து வீங்கிக் குழலை நெருக்கும் என்று எப்போதோ கேட்டிருந்தேன். சுவரில் தொங்கிய தேவாலய நாட்காட்டியில் போன மாதத் தாளைக் கிழித்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தேன். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே சிக்கியது.

விலிம் தாளை என் கையிலிருந்து வாங்கித் தானே இழுத்துப் பார்த்தான். சிக்கியது. இன்னொரு தடவை. சிக்கியது.

"மார்யான்," என்றான். "கண்டுபுடிச்சுட்டடா."

அந்த இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். கொஞ்சம் தேய்ப்பது, தாளை விடுவது, திரும்பத் தேய்ப்பது. கடைசியில் தாள் முழு நீளத்துக்கும் தடையில்லாமல் ஓடியது. தேய்த்த மரத்துக்கு எண்ணெய் பூசிக் காய வைத்தோம். அன்று மாலை விலிம் எனக்கு ராக்கியாச் சாராயம் ஊற்றினான், தனக்கும் ஊற்றிக்கொண்டான், குழல்மேல் கையை வைத்துக்கொண்டே குடித்தான்.

கூட்டு வேட்டைக்கு முந்தின ஞாயிறுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. குவாரியில் நல்ல குளிர். சுட்டான். மூன்றும் தாளில் மூன்று மூலை.

விலிம் துப்பாக்கியை மூட்டை மேல் விட்டுவிட்டு எழுந்து தள்ளி நின்றான். குளிரில் அவன் விரல்கள் நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டான். அதில் புதிதாக ஒன்றுமில்லை. நாள் முழுக்க அதிர்கிற ரம்பத்தைப் பிடிக்கிற எங்கள் எல்லோருக்கும் விரல் வெளுக்கும். நானும் என் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

"நீ சுடு," என்றான் திடீரென்று.

நான் திகைத்தேன். எங்கள் ஊரில் ஒருவன் துப்பாக்கியை இன்னொருவன் சுடுவதில்லை. சட்டமும் விடாது, ஆட்களும் செய்ய மாட்டார்கள். பெண்டாட்டியைக் கடன் கேட்பது மாதிரி அது.

"உரிமம் இல்லாதவன் நான்."

"பட்டாளத்துல நீ நல்லாச் சுட்டவன்தானே? பதக்கம் வாங்கினேன்னு குடிச்சா சொல்லுவியே. உக்காரு. எனக்குத் தெரிஞ்சாகணும்."

உட்கார்ந்தேன். ஸ்கோப்பின் சிலுவைக் கோடு வட்டத்தின் நடுவில் அசையாமல் நின்றது. கண்ணும் மூச்சும் பட்டாளத்தில் கற்ற மாதிரியே படிந்தன. பின்விசையை இழுத்தேன். முன்விசைக்கு விரலைக் கொண்டுபோனேன். இன்னும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. அடுத்ததை இறுக்கிப் பிடித்து இழுத்தேன். மூன்றாவதையும் அப்படியே.

என் ஓட்டைகள் அவனுடையவற்றை விடக் கேவலமாகச் சிதறியிருந்தன.

விலிம் நிம்மதியாக மூச்சு விட்டான். "நீயே இப்படிச் சுட்டா, பின்ன துப்பாக்கிதான்," என்றான். "குழலே போச்சு. அவ்வளவுதான்." அவன் சொன்னதை நானும் நம்பினேன். இரண்டு பேர் சுட்டு இரண்டு பேருக்கும் சிதறினால் குற்றம் துப்பாக்கியில்தானே இருக்க வேண்டும்?

அப்போது பாதையில் நெவென்கா வந்துகொண்டிருந்தாள். தலையில் துணி, காலில் ரப்பர் பூட்ஸ்.

"பலேந்தாக் களி கல்லா இறுகிப் போச்சு. மாடு கத்துது. நீங்க ரெண்டு பேரும் இங்க யுத்தம் நடத்திக்கிட்டு இருக்கீங்களா?"

"குழல் போச்சு, நெவென்கா," என்றான் விலிம். "மார்யானும் சுட்டுப் பாத்துட்டான்."

அவள் போய்த் தாளைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். அவளுடைய அப்பா இதே காட்டில் காவலராக இருந்தவர்.

"தள்ளு," என்றாள் விலிமிடம்.

"விளையாடாத."

"மூணு வாரமா என் சமையலறை நாறுது. மூணு குண்டு எனக்குக் கொடுக்க மாட்டியா? தள்ளுடா."

நான் புதுத் தாளைக் குத்திவிட்டு வந்தேன். அவள் தலைத்துணியைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டைமேல் கன்னத்தை வைத்தாள். தயங்கித் தயங்கிப் போல்டை இழுத்தாள். மூன்று முறை சுட்டாள். ஒவ்வொன்றுக்கும், "அம்மாடி, தோள் போச்சு," என்றாள்.

மூன்று ஓட்டைகளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வட்டத்துக்குள் இருந்தன. ஒரு பிளம் பழத்தை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும்.

விலிம் தாளைப் பார்த்துக் கூச்சல் போட்டான். "சரியாயிடுச்சு! டேய், சரியாயிடுச்சுடா! கட்டை தேச்சது இப்பத்தான் படிஞ்சிருக்கு! சூடானதும் படிஞ்சுடுச்சு!" நெவென்காவைத் தூக்கிவிடப் போனான். அவள் சிரிக்கவில்லை. அவன் ஓடிப்போய் உட்கார்ந்து தோட்டாவை ஏற்றினான். அவள் நகராமல் அவனுக்குப் பக்கத்தில், அவனுடைய வலது கையைப் பார்த்தபடி நின்றாள்.

மூன்றும் சிதறின.

"விசையை ஏன் ரம்பத்தைக் கிளப்பற கயிறு மாதிரி இழுக்கற?" என்று கேட்டாள்.

"இழுக்கல. தொடத்தான் தொட்டேன்."

"தொட்டா விரலுக்குத் தெரியுதா?"

"தெரியாமப் போகுமா?"

"கண்ணை மூடு."

அவன் எரிச்சலோடு கண்ணை மூடினான். அவள் தரையிலிருந்து ஒரு ஃபிர் ஊசியிலையை எடுத்து அவன் ஆள்காட்டி விரல் நுனியில் குத்தினாள். தோல் உள்ளே குழிந்தது.

"எந்த விரல்?"

"இன்னும் தொடலையே நீ."

அவள் நடுவிரலில் குத்தினாள். பிறகு மறுபடி ஆள்காட்டியில், இன்னும் அழுத்தி. அவன் கண்ணை மூடியபடி காத்திருந்தான்.

"சீக்கிரம் குத்தித் தொலை," என்றான்.

நெவென்கா என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டிக் கண்ணை மூடினேன். காற்று காதில் விழுந்தது. தூரத்தில் அவர்கள் மாடு கத்தியது. எதுவும் படவில்லை. கண்ணைத் திறந்தபோது ஊசியிலை என் விரலில் நின்றுகொண்டிருந்தது, நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

கீழே இறங்குகிறபோது நெவென்காதான் துப்பாக்கியைச் சுமந்தாள். நாங்கள் பின்னால் நடந்தோம்.

"ஸ்ரேச்கோகிட்ட நான் சொல்றேன்," என்றாள், திரும்பாமல்.

"என்னன்னு சொல்லுவ? விரல் செத்துப் போச்சுன்னா?" என்றான் விலிம். "அவன் மச்சான் மரக் கம்பெனி ஆபீஸ்ல இருக்கான். சாயங்காலத்துக்குள்ள டாக்டர் காதுல விழும். கையில ரம்பம் தர மாட்டாங்க. எனக்கு மட்டுமா? இவனுக்கும்தான்."

எனக்கு வேறு வேலை தெரியாது.

"வீட்ல கை சூடா இருக்கறப்ப எனக்கு எல்லாம் தெரியுது," என்று விலிம் தொடர்ந்தான். "குளிர்லதான் இப்படி. கையைச் சூடா வச்சிருந்தா போதும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு மறுபடி, "போதும்," என்றான்.

அந்த வாரம் முழுக்க அவன் விரலை வெந்நீரில் வைத்து எடுத்து, தோட்டா இல்லாத துப்பாக்கியில் விசையை அழுத்திப் பழகினான். அடுப்புப் பக்கத்தில் அது சரியாக வந்தது. நெவென்கா ஒரு காசை எடுத்துக் குழல்மேல் வைப்பாள். அவன் விசையைத் தட்டுவான். காசு விழாது. அவன் சின்னப் பையன் மாதிரி அவளைப் பார்ப்பான்.

ஆனால் புதன்கிழமை அவள் ஸ்ரேச்கோவிடம் போய்விட்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் நாய்க்கு எலும்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஸ்ரேச்கோ, விலிமுக்கு இந்த வருஷம் வேண்டாம்," என்றாள். "கை சரியில்ல அவனுக்கு. எப்படின்னு கேக்காத."

ஸ்ரேச்கோ கத்தியைத் துடைத்தான். என் கையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"அக்கா, கையைப் பாத்து ஆளை நிறுத்தினா எங்க சங்கத்துல யாரு மிஞ்சுவா? முக்கால்வாசிப் பேர் மரம் வெட்டறவங்க. நானும் பாதிரியாரும்தான் மேட்டுல நிக்கணும். அவருக்குக் கண்ணு தெரியாது."

"சிரிக்காத. அந்த மானைப் பாத்தல்ல நீ?"

"பாத்தேன்." அவன் சிரிப்பு போய்விட்டது. "விதி இருக்கு. மூணும் வட்டத்துல விழுந்தா போவாரு. விழலேன்னா போக மாட்டாரு. அதுக்கு மேல என்னை என்ன செய்யச் சொல்றீங்க?"

நியாயமான பேச்சுதான். மூன்றும் விழாது என்று நம்பிக்கொண்டு திரும்பினோம். விழ வேண்டும் என்றும் ஆசைப்பட்டோம். எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நெவென்கா வழியில் இருந்த மாதா சிலைக்கு முன்னால் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்தாள்.

ஞாயிறு காலை அவள் உருளைக்கிழங்கு அவித்து, சுடச்சுட விலிமின் கோட்டுப் பைகளில் இரண்டிரண்டாகப் போட்டாள். அவன் கையை உள்ளே விட்டுக்கொண்டு குவாரிக்கு வந்தான். அங்கே மூடுபனி. பலகையே தெரியவில்லை. பனி விலகட்டும் என்று சங்கத் தலைவர் ஃபெர்தோ எல்லோரையும் நிற்க வைத்தார். ஆண்கள் தீ மூட்டாமல் ராக்கியா பாட்டிலைச் சுற்ற விட்டுக்கொண்டு நின்றார்கள். கிழங்கு ஆறிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். விலிம் பாட்டிலைப் பிடிக்கக்கூடக் கையை வெளியே எடுக்கவில்லை. நான்தான் அவன் வாயில் ஊற்றினேன்.

"என்ன விலிம், புதுமாப்பிள்ளையா? ஊட்டி விட்டாத்தான் குடிப்பியோ?" என்றார் ஃபெர்தோ. எல்லோரும் சிரித்தார்கள்.

வெயில் வந்து பலகை தெரிந்தபோது விலிம் உட்கார்ந்தான். முதல் குண்டுக்குக் கை வெளியே வந்து மின்னலாக முடிந்தது. கை திரும்பப் பைக்குள் போனது. இரண்டாவதும் அப்படியே. பிறகு நேரமெடுத்தான். போல்டை இழுக்க, தோட்டாவை ஏற்ற, விரலுக்கு இடம் தேட. வலதுகை வெளியே இருந்தது, வெளுத்துக்கொண்டே வந்தது. மூன்றாவது வெடித்தபோது அவன் தோள் குலுங்கியது. பலகைக்கு மேலே, சுண்ணாம்புச் சுவரில் தூசி பறந்ததை நான் பார்த்தேன்.

ஸ்ரேச்கோவும் ஃபெர்தோவும் போய்த் தாளைக் கொண்டு வந்தார்கள். வட்டத்துக்குள் இரண்டு ஓட்டைகள். தாளில் வேறெதுவும் இல்லை.

ஃபெர்தோ தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த ஓட்டை கொஞ்சம் பெருசா இருக்கே. ரெண்டு குண்டு ஒண்ணாப் போயிருக்கு."

"அப்படித்தான் தெரியுது," என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன். இன்னொருவன் குனிந்து பார்த்து, "ஆமாப்பா, ஆமா," என்றான். யாரும் விலிமின் கண்ணைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவன் கையும் பையிலோ அக்குளிலோ இருந்தது.

"இல்ல," என்றேன். "மூணாவது மேல போச்சு. சுவத்துல தூசி பறந்துச்சு."

"விரட்டுக்காரன் கத்தறதுக்கு சனிக்கிழமை இருக்கு," என்றார் ஃபெர்தோ. "இன்னிக்கு வாயை மூடிக்கிட்டு நில்லு."

நான் ஸ்ரேச்கோவைப் பார்த்தேன். அவன் தாளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். சுவரில் ஆயிரம் பழைய வடு இருந்தது.

"தலைவர் பாத்துட்டார்," என்றான் கடைசியில். "அடுத்த ஆள்."

வழியெல்லாம் விலிம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். வீட்டு வாசலில் நின்று, "ஒரே ஓட்டைதான்டா மார்யான்," என்றான். "நான் சரியாத்தான் அழுத்தினேன்."

சனிக்கிழமை தூறல். காட்டு பீச் மரங்களெல்லாம் இலையை உதிர்த்துவிட, தரை முழுவதும் செம்பழுப்பாகக் கிடந்தது. துப்பாக்கிக்காரர்கள் மேட்டில் வரிசையாக நின்றார்கள். விலிமுக்கு வழக்கமான இடம், இரண்டு குன்றுக்கு நடுவில் உள்ள பள்ளம். காட்டுப்பன்றிகள் எப்போதும் அந்த வழியாகத்தான் தப்பிக்கும். நாங்கள் கீழேயிருந்து வரிசையாக விரட்டிக்கொண்டு ஏறினோம்.

என் பக்கத்தில் நான் சத்தம் போடவில்லை. கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நடந்தேன். சத்தம் இல்லாத இடம் பார்த்துப் பன்றிகள் என் வழியாகத் திரும்பி ஓடிவிடட்டும் என்று நினைத்தேன். ஃபிர் அடர்த்திக்குள் அவற்றின் நெடி வந்தது. கூட்டமாக எழுந்தன. ஒரு பெரிய பெண் பன்றி என்னைப் பார்த்து நின்றது. நான் அசையாமல் இருந்தேன். என் இரண்டு பக்கமும் மற்றவர்கள் கத்திக்கொண்டும் தட்டிக்கொண்டும் வந்தார்கள். அது திரும்பி, குட்டிகளை இழுத்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்து ஓடியது.

ஒரு வெடி கேட்டது. சற்று இடைவெளிக்குப் பிறகு இன்னொன்று. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

வேட்டை முடிந்த கொம்பு ஊதியதும் நான் பள்ளத்துக்கு ஓடினேன். விலிம் துப்பாக்கியை மரத்தில் சாத்திவிட்டு நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

"பட்டுச்சா?"

"தெரியல. முதல் குண்டு நான் அழுத்தறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. அந்தப் பெருசு ஒரு தடவை முதுகை வளைச்சுச்சு. அப்புறம் கீழ ஃபிர் பக்கமே திரும்பி ஓடிடுச்சு. குட்டிங்க பின்னாடியே போச்சு."

"எங்க நின்னுச்சு?"

"இங்கதான்னு நினைக்கிறேன். இங்க."

நானும் முட்டி போட்டேன். மேகம் கவிந்து வெளிச்சம் மங்கிவிட்டது. இலைகள் எல்லாமே சிவப்பு, எல்லாமே நனைந்தவை. ஒவ்வொரு இலையாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். ரத்தமாக இருந்தால் ஒட்டும், தண்ணீராக இருந்தால் வழுக்கும். எனக்கு ஒட்டவும் இல்லை, வழுக்கவும் இல்லை. இலை கையில் இருக்கிறது என்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது.

விலிமும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இது ஒட்டுதா பாரு," என்று ஒரு இலையை நீட்டினான்.

வாங்கித் தேய்த்தேன். "தெரியலடா."

"நல்லாத் தேச்சுப் பாரு."

"தேச்சேன். தெரியல."

மேட்டிலிருந்து யாரோ சிரித்துக்கொண்டே இறங்குகிற சத்தம் கேட்டது. ஸ்ரேச்கோவின் நாய் எங்கோ குரைத்தது. அவன் வர இன்னும் நேரம் ஆகும். விலிம் அந்த இலையை என்னிடமிருந்து திரும்ப வாங்கினான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நாக்கில் வைத்தான்.

கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சப்பினான்.

"ரத்தம்தான்," என்றான்.

கீழே ஃபிர் அடர்த்திக்குள் ஒரு சுள்ளி முறிந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று.